எங்கள் ஊர் வலைத்தளம் கும்மிடிப்பூண்டி போன கதை

அவசரச் செய்திக் குறிப்பு. மாவட்டத் தலைநகர் திருவள்ளூரைச் சேர்ந்தவரும், இந்த வலைத்தளத்தின் நிறுவனரும், முதன்மை ஆசிரியரும், தட்டச்சாளரும், காவலாளியுமான அடியேனின் இடது செருப்பு கடந்த மாதம் ஒரு ஞாயிறு காலை பேசின் பிரிட்ஜ் ரயில் நிலையத்து மேம்பாலப் படியில் வார் அறுந்து கவலைக்கிடமானது. பூக்கூடையோடு இறங்கி வந்த ஓர் அக்கா தன் வளையலில் மாட்டியிருந்த ஊக்கைத் தந்து அதன் உயிரைக் காப்பாற்றினார். வலது செருப்பு நலமாக உள்ளது. வதந்திகளை நம்ப வேண்டாம்.

இனி பயணம்.

பிளஸ் டூ முடித்துவிட்டு, எந்தக் கல்லூரி என்னைப் பிடிக்கப்போகிறது என்று தெரியாமல் ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கும் நான் கும்மிடிப்பூண்டிக்கு ஏன் போனேன்? அதிகாரபூர்வக் காரணம், எங்கள் தளத்துக்கு அங்கே ஒரு கிளை தொடங்க. முதல்முறை வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். திருவள்ளூர் ரயிலடிக்குப் பக்கத்தில் முருகன் அண்ணன் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறார். ஆறு கேபின், ஆறு கம்ப்யூட்டர், ஐந்து நாற்காலி. ஞாயிறு காலை ஏழு முதல் எட்டு வரை, காசு கொடுக்கும் கூட்டம் வருவதற்கு முன்னால், கம்ப்யூட்டரையே தொடாதவர்களுக்கு இலவசமாகத் திறந்துவிடுவார். ரேஷன் கார்டுக்கு என்னென்ன வேண்டும், ஊத்துக்கோட்டைக்குக் கடைசி பஸ் எப்போது, காக்களூர் எஸ்டேட்டில் எந்தக் கம்பெனி ஆள் எடுக்கிறது, அவசரத்துக்கு ரத்தம் தர யார் இருக்கிறார்கள் என்று எல்லாவற்றையும் தமிழில் போட்டு ஊருக்கென்று ஒரு தளம் கட்டினோம். வருகையாளர் எண்ணிக்கை மூவாயிரத்தைத் தாண்டிவிட்டது என்பதைத் தன்னடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

'கட்டினோம்' என்றேனே, அந்த 'னோம்' என்பது ஜாபர். அவன் குடும்பம் பழவேற்காட்டுப் பக்கம். வியாபாரத்துக்காகத் திருவள்ளூர் வந்தார்கள். பத்தாவதிலிருந்து நானும் அவனும் ஒரே பெஞ்ச். சைக்கிளை எடுத்துக்கொண்டு காக்களூர் கேட்டுகளில் தொங்கும் 'ஆட்கள் தேவை' அட்டைகளையும், கலெக்டர் ஆபீஸ் பலகையையும் எழுதிக்கொண்டு வருவது அவன் வேலை. மூன்றாம் கேபினில் என் பக்கத்தில் உட்கார்ந்து அதைச் சத்தமாக வாசிப்பான். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அடிப்பேன். இப்படித்தான் தளம் முழுக்க எழுதினோம். ஏழு மாதம் முன்பு அவன் வாப்பா கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை ஓரத்தில் ஒரு கடை பிடித்தார். கையுறை, ஹெல்மெட், இரும்பு மூக்கு வைத்த ஷூ எல்லாம் விற்கிற கடை. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஜாபரும் கல்லாவுக்குப் போனான்.

ஆள் போனால் என்ன, தளம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. அட்டைகளை நானே எழுதிக்கொண்டு வந்தேன், நானே வாசித்தேன், நானே அடித்தேன். கேபினுக்குள் யாரோடு பேசுகிறாய் என்று முருகன் அண்ணன் இரண்டு முறை எட்டிப் பார்த்தார். போதாததற்கு, தளத்தின் அடியில் 'கும்மிடிப்பூண்டி மூலை' என்று ஒரு கட்டம் போட்டு, வாராவாரம் ஜாபருக்கு நாலு வரி எழுதினேன். பிறகு அவன் மெயிலுக்குத் தளத்தின் இணைப்பை மட்டும் அனுப்புவேன். வேறு ஓர் எழுத்து இருக்காது. ஸ்டைல்.

பதில் வரவில்லை. ஏழு மாதத்தில் ஒன்றுகூட. போன் பண்ணியிருக்கலாமே என்பீர்கள். கடை திறந்த வாரம் நான் குரலை மாற்றி, பெரிய கம்பெனி மேனேஜர் பேசுவதாக இருநூறு ஹெல்மெட்டுக்கு ஆர்டர் கொடுத்தேன். ஜாபரின் வாப்பா அதை நம்பி மொத்த வியாபாரியிடம் விலை கேட்கும் வரை போய்விட்டார். குட்டு உடைந்தபிறகு அந்தப் போனைத் தொட எனக்குத் தைரியம் இல்லை. ஆகவே அதிகாரபூர்வம் இல்லாத காரணம் இதுதான்: நேரில் போய், நீ இன்னும் என்னோடு இருக்கிறாயா இல்லையா என்று ஜாபரைக் கேட்டுவிடுவது.

போகிற வழி. திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டியும் ஒரே மாவட்டம். ஆனால் ரயிலில் போக வேண்டுமானால் கிட்டத்தட்ட சென்னை வரை போய்த்தான் திரும்ப வேண்டும். அந்தப் பக்கத்து ஜனங்கள் கலெக்டரிடம் மனு கொடுக்க இப்படித்தான் வருகிறார்கள்; மனுவில் பாதி அவர்கள் முகத்திலேயே எழுதியிருக்கும். பெரியபாளையம் வழியாக பஸ்ஸும் உண்டு, மாறி மாறிப் போகப் பொறுமை வேண்டும். நான் ரயில்வாசி. சென்ட்ரல் வரை போகாதீர்கள், பேசின் பிரிட்ஜிலேயே இறங்கி மாறுங்கள், அரை மணி மிச்சம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட், பதினாறு ரூபாய்.

காலை 5.50 வண்டி. ஞாயிறு என்பதால் பெட்டியில் ஆள் குறைவு, ஜன்னல் ஓரம் கிடைத்தது. செவ்வாப்பேட்டையை ஞாயிற்றுக்கிழமை கடந்தேன். திருநின்றவூரில் பெயருக்குக்கூட வண்டி நிற்கவில்லை, தொட்டுவிட்டுக் கிளம்பியது. இந்த இரண்டு ஜோக்கையும் சொல்லப் பக்கத்தைப் பார்த்தால், பக்கத்தில் யாரோ ஒருவருடைய துணிமூட்டை. அதனிடம் சொன்னேன். சிரிக்கவில்லை. ஜாபராக இருந்தால் தலையில் ஒரு தட்டு தட்டி, 'மூட்றா' என்று சொல்லிவிட்டு, அடுத்த ஸ்டேஷனில் அதையே தன் ஜோக் மாதிரி இன்னொருவனிடம் சொல்லியிருப்பான்.

பேசின் பிரிட்ஜில் முக்கால் மணி நேரம். செருப்புச் சம்பவம் நடந்தது இங்கேதான். கும்மிடிப்பூண்டி வண்டி வேறு மாதிரி வண்டி. கொருக்குப்பேட்டையில் மீன்கூடைகள் ஏறின, எண்ணூருக்கு அப்புறம் ஒரு பக்கம் சாம்பல் மேடு, ஒரு பக்கம் உப்புத் தண்ணீர், தூரத்தில் புகைக்குழாய்கள். மீஞ்சூர், பொன்னேரி தாண்டியதும் திடீரென்று பச்சை வயல். கவரப்பேட்டையில் என் பெட்டியில் நான் மட்டும் மிஞ்சினேன். 8.50க்கு இறங்கினேன்.

இந்த ஊர்ப் பெயரில் கும்மி இருக்கிறது, இடி இருக்கிறது. கும்மியை நான் பார்க்கவில்லை. இடி இருக்கிறது. இரும்பு ஆலைகளில் கம்பி அடிக்கிற சத்தம் ஞாயிற்றுக்கிழமையும் ஓயவில்லை. ரயிலடியிலிருந்து தொழிற்பேட்டை முனைக்கு ஷேர் ஆட்டோ ஐந்து ரூபாய். ஓட்டுநர் தெலுங்குப் பக்கத்து ஆள்போல. எந்தக் கம்பெனியில் வேலைக்குச் சேரப்போகிறேன் என்று கேட்டார். நான் வெப்சைட் கம்பெனி முதலாளி என்றேன். என் ஊக்குச் செருப்பைப் பார்த்தார்.

"அப்ப டப்பு சில்லறையா குடு நைனா. மொதலாளிங்கதான் நூறு ரூவா நீட்டுவாங்க" என்றார்.

கடையைக் கண்டுபிடிக்கச் சிரமம் இல்லை. வாசலில் மஞ்சள் ஹெல்மெட்டுகள் பூசணிக்காய் மாதிரி தொங்கின. கல்லாவில் ஜாபரின் வாப்பா. நான் சலாம் வைத்து, நல்லா இருக்கீங்களா பாய் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"வாங்க மேனேஜர் சார். இருநூறு ஹெல்மெட்டு ரெடி. வண்டி எடுத்தாந்தியா, தலையிலயே வெச்சிக்கினு போறியா?"

நின்ற இடத்திலேயே மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. நாஷ்டா ஆச்சா தம்பி என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஆளை அனுப்பி இட்லி வாங்கி வரச் சொன்னார். ஜாபர் உள்ளே ஷூ பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். மீசை வந்திருந்தது. வாடா என்றான். அவ்வளவுதான், பெட்டியை அடுக்கப் போய்விட்டான். நான் இட்லி சாப்பிட்டேன். ஏழு மாதத்துக்குப் பேச வைத்திருந்த அத்தனையும் சட்னியோடு உள்ளே போயிற்று. வெயில், ரயில், பரீட்சை என்று என்னென்னவோ கேட்டான், கடைக்கு வந்த வாடிக்கையாளரிடம் கேட்பது மாதிரி. தளத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கிளை விஷயத்தை அவன் வாப்பாவிடம்தான் சொன்னேன். தொழிலாளர்களுக்கு ஞாயிறு ஒரு மணி நேரம் இலவசமாக இன்டர்நெட் காட்ட வேண்டும், இங்கே சென்டர் வைத்திருப்பவரிடம் யாராவது அறிமுகம் செய்ய வேண்டும் என்றேன். அவர் ஜாபரை அனுப்பினார். நாலு கடை தள்ளி கீதா அக்கா சென்டர். ஜெராக்ஸ், லேமினேஷன், வடநாட்டுத் தொழிலாளர்களுக்கு ரயில் டிக்கெட், கொஞ்சம் பிரவுசிங். ஒரு மணிக்குப் பதினைந்து ரூபாய். என் திட்டத்தை அக்கா கடைசி வரை கேட்டார். இலவசமாகத் தருவதில் தனக்கு ஒன்றும் இல்லை, ஆனால் வருகிறவர்களுக்கு உருப்படியாகப் பார்க்க ஏதாவது இருக்க வேண்டும், சினிமாப் படம் பார்க்கக் கூட்டம் சேர்க்க முடியாது என்றார். நான் இந்தக் கேள்விக்காகத்தான் பதினாறு ரூபாய் டிக்கெட் எடுத்து வந்திருக்கிறேன் என்று காலரை இழுத்துவிட்டுக்கொண்டேன். கம்பி ஆலையில் வேலை பார்க்கும் விழுப்புரத்துக்காரர்கள் இரண்டு பேர் டிக்கெட்டுக்காகக் காத்திருந்தார்கள். அவர்களையும் கூப்பிட்டுப் பின்னால் நிறுத்தினேன். ஜாபர் கதவோரம் கைகட்டி நின்றான்.

முகவரியை அடித்தேன். பக்கம் மெதுவாகத் திறந்தது. படம் வந்தது, பச்சைக் கோடு வந்தது, எழுத்து வந்தது.

தமிழ் இல்லை. தலையில் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகள், தலைகீழாகக் கவிழ்ந்த கேள்விக்குறிகள், நடுநடுவே வெளிநாட்டுப் பணக் குறிகள். மேலிருந்து கீழே வரை, ரத்தம் தருவோர் பட்டியல் முதல் பஸ் நேரம் வரை. ஒரு சொல்லைப் படிக்க முடியவில்லை. மறுபடி திறந்தேன். மறுபடி அதே. விழுப்புரத்துக்காரர் ஒருவர், இது ஒரியாவா தம்பி என்று மரியாதையாகக் கேட்டார். பக்கத்துக் கேபினில் இருந்த ஒரிசாக்காரர் எட்டிப் பார்த்து, எங்கள் பாஷை இல்லை என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

"இன்னா தம்பி இது, எறும்பு மைல வுழுந்து நடந்து போன மாரி கீது" என்றார் கீதா அக்கா.

இன்டர்நெட் சரியில்லை என்றேன். அக்கா ஒரு தமிழ்ச் செய்தித் தளத்தைத் திறந்தார். அது பளிச்சென்று வந்தது. அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. தளம் தொடங்கியபோது ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சிடியிலிருந்து அழகான ஓர் எழுத்துருவை எடுத்து, முருகன் அண்ணன் கடையின் ஆறு மிஷினிலும் என் கையாலேயே போட்டேன். அதிலேயே எல்லாவற்றையும் அடித்தேன். அந்த எழுத்துரு இல்லாத மிஷினில் பக்கம் இப்படித்தான் வரும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை, ஏனென்றால் எங்கள் தளத்தை நான் வேறு எந்த மிஷினிலும் திறந்து பார்த்ததே இல்லை. உலகம் முழுக்க வலை விரித்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஆறு கேபின் அகலத்துக்குத்தான் இருந்தது. அந்த மூவாயிரம் வருகையும் யார் என்று அங்கேயே நின்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் அடித்ததைச் சரிபார்க்க நானே திறந்ததும், இலவச மணிக்கு வந்தவர்களுக்கு நானே திறந்து காட்டியதும்தான்.

விழுப்புரத்துக்காரர்கள் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு போனார்கள். என்னைப் பார்த்து, பரவாயில்ல தம்பி என்று வேறு சொன்னார்கள். நான் வெளியே வந்து எதிர் டீக்கடை நிழலில் நின்றேன். ஜாபர் பின்னாலேயே வந்து இரண்டு டீ சொன்னான்.

"அப்ப நெஜமாவே தெரியாதாடா ஒனக்கு?" என்றான்.

"என்னது?"

"இப்டி வர்து. மொத வாரத்துலேந்து இப்டிதான் வந்துகினு கீது."

சொல்லியிருக்கலாமே என்றேன். அவன் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தான். முருகன் அண்ணன் கடையில் ஒருமுறை நான் திரையைப் படம் பிடித்து அதையே பின்னணியாக வைத்துவிட்டு, ஐகான்களை எல்லாம் மறைத்துவிட்டேன். ஜாபர் அரை மணி நேரம் வெறும் படத்தைக் கிளிக் செய்துகொண்டிருந்தான், நான் கடை முழுக்கக் கூப்பிட்டுக் காட்டினேன். அதைத்தான் அவன் நினைத்துக்கொண்டானாம்.

"லிங்க்க மட்டும் அனுப்புவ, ஒரு வார்த்த இருக்காது. தொறந்தா கிறுக்கல். இவன் போய்ட்டான், இனிமே இவன வெச்சி காமெடி பண்ணலாம்னு பண்றன்னு நெனச்சேன். வாராவாரம் பதினஞ்சு ரூவா குடுத்து எதுக்குடா பேஜாருன்னு நடுவுல கொஞ்ச நாள் தொறக்கல."

"அப்பறம்?"

"அப்பறம் தொறந்தேன். ஒரு வாட்டியாச்சும் ஒழுங்கா எழுதியிருப்பியோன்னு."

எனக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருக்கும் என்று எங்கள் வகுப்பு ஆசிரியரே எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்போது குனிந்து செருப்பின் ஊக்கைச் சரிசெய்தேன். கம்பி லாரி ஒன்று போனது. பிறகு அவன், அடியில் தனியாக ஒரு கட்டம் இருக்கிறதே, வாராவாரம் மாறுகிறதே, அதில் என்ன எழுதினாய் என்று கேட்டான்.

"பஸ் டைம்டா" என்றேன்.

"வாராவாரமா?"

"அவனுங்க மாத்திக்கினே இருக்கானுங்க, நான் இன்னா பண்றது."

சிரித்தான். அன்று முதல்முறையாக. எங்க பழவேற்காட்டுல வலை போட்டா மீனாச்சும் மாட்டும் என்றான். அந்த ஜோக் என்னுடையதாக இருந்திருக்கலாம் என்று பொறாமையாக இருந்தது. திருவள்ளூருக்கு எப்போதாவது வருவாயா என்று கேட்டேன். கடையைக் கை காட்டினான். வாப்பாவுக்கு முட்டி வலி, பெட்டி தூக்க ஆள் இல்லை. வர மாட்டான். எழுத்தைச் சரி செய், ஞாயிறு வந்து பார்க்கிறேன் என்றான். கீதா அக்காவும் அதையேதான் சொல்லி அனுப்பினார்: படிக்கிற மாதிரி வந்ததும் சொல்லு, ஞாயிறு ஒரு மணி நேரம் என்ன, ஒன்றரை மணியே தருகிறேன்.

மதியம் 2.20 வண்டி. ஜாபரை அவன் வாப்பா கூப்பிட்டுவிட்டதால் ஸ்டேஷனுக்குத் தனியாகத்தான் நடந்தேன். இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, நிழல் கிடையாது, தொப்பி அவசியம். பெட்டியில் என்னோடு வந்தவர்கள் எல்லாம் ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். எண்ணூர் வரும்போது, ஏழு மாதமாக நான் எழுதியதை அந்த ஆறு கேபினுக்கு வெளியே யாருமே படிக்கவில்லை என்பது மறுபடி ஒருமுறை புரிந்தது. ஆனால் ஒருவன் படிக்க முடியாததையும் வாராவாரம் காசு கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். இது இரண்டும் சேர்ந்து சந்தோஷமா துக்கமா என்று பேசின் பிரிட்ஜ் வரை யோசித்தேன். தெரியவில்லை. வீட்டுக்கு வரும்போது மணி ஆறு.

இனி உபயோகமான தகவல். மொத்தச் செலவு அறுபது ரூபாய்க்குள். போக மூன்று மணி நேரம், வர மூன்றரை. ஞாயிறு வண்டி குறைவு, நேரம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். உங்கள் ஊருக்கு ஒரு தளம் கட்டுகிறீர்கள் என்றால் யூனிகோடில் அடியுங்கள். எந்த மிஷினில் திறந்தாலும் தமிழாகவே வரும். கட்டி முடித்ததும் பக்கத்து ஊருக்கு பஸ் ஏறிப் போய், முன்பின் தெரியாத ஒரு கடையில் காசு கொடுத்துத் திறந்து பாருங்கள். அதற்கு முன்னால் யாரிடமும் பீற்றிக்கொள்ளாதீர்கள். நான் மூன்று வாரம் உட்கார்ந்து மொத்தத் தளத்தையும் முதலிலிருந்து திரும்ப அடித்தேன். நீங்கள் இப்போது படிக்க முடிகிறது என்றால் அதனால்தான். கீதா அக்கா சென்டரில் நேற்றுத் திறந்து பார்த்துவிட்டு, எல்லாம் தெரிகிறது, அடிக் கட்டம் மட்டும் இன்னும் கிறுக்கலாக இருக்கிறது என்று ஜாபர் மெயில் போட்டிருக்கிறான்.

ஆமாம். அதை மட்டும் நான் மாற்றவில்லை. மறந்துவிட்டேன் என்று அவனுக்குப் பதில் போட்டேன். மறக்கவில்லை. ஆள் போனால் என்ன, தளம் நிற்கவில்லை என்று மேலே பெருமையடித்தேனே, அப்படிப் பீற்றிவிட்டு அந்தக் கட்டத்தை ஊர் உலகமெல்லாம் படிக்கிற மாதிரி மாற்ற எனக்கு வெட்கமாக இருந்தது. ஜாபர், அதில் பஸ் நேரம் ஒன்றுகூட இல்லை. நீ போனபிறகு இங்கே எனக்குப் பேச ஒருத்தனும் இல்லைடா என்கிற ஒரே விஷயத்தைத்தான் ஏழு மாதமாக மாற்றி மாற்றி எழுதியிருக்கிறேன். பழைய எழுத்துருவை முகப்புப் பக்கத்தின் கடைசியில் சின்னதாகப் போட்டு வைத்திருக்கிறேன். இறக்கிக்கொள். உன் வாப்பா பக்கத்தில் இல்லாதபோது படி.